டி-இசட் என்று அடித்திருந்த பிளாக்: 1969 கமாரோ ஒன்றின் எஞ்சின் ஆய்வு

எஞ்சினில் அடித்திருக்கும் நம்பரும் வண்டியின் நம்பரும் ஒத்துப்போகின்றன. பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் இரும்பு உடலை) வார்த்த தேதி, எஞ்சினைக் கோத்த தேதி, காரைக் கட்டிய வாரம் மூன்றும் முன்பின் மாறாமல் வரிசையாக வருகின்றன. அப்படியிருந்தும் அந்த எஞ்சின் அந்தக் காருடையது இல்லை. கார் பிறந்து பத்து வருஷம் கழித்து வார்த்த இரும்பு அது. எந்தப் படியில் எதைப் பார்த்தபோது இது வெளிவந்தது என்பதை முழுக்க எழுதிவைக்கிறோம்.

எடுத்துக்கொண்ட கார் 1969 ஷெவர்லே கமாரோ இசட்-28. இது ஒரு மாதிரி நிகழ்வு. பழைய கார் சந்தையில் திரும்பத் திரும்பத் தட்டுப்படும் தடயங்களை ஒரே வண்டியில் கோத்துக் காட்டியிருக்கிறோம். அதனால் தொடர் எண்களின் கடைசி இலக்கங்கள் இங்கே இல்லை. ஆங்கில எழுத்துகளில் அடித்திருக்கும் குறிகளை உச்சரிக்கிறபடியே தமிழில் தருகிறோம். அமெரிக்க வண்டி என்பதால் ஓட்டுநர் பக்கம் என்றால் இடது, பயணி பக்கம் என்றால் வலது.

இந்த எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி

அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் அப்போது எஞ்சினின் கொள்ளளவு 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. அந்த வரம்புக்குள் நிற்க, 327 எஞ்சினின் 4 அங்குல போரையும் (சிலிண்டரின் விட்டம்) 283 எஞ்சினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) சேர்த்து ஷெவர்லே உருவாக்கியதுதான் 302. இந்தப் பெயர்கள் கன அங்குலக் கொள்ளளவுதான். ஏட்டில் 290 குதிரைத்திறன். இசட்-28 கார்கள் 1967-இல் 602, 1968-இல் 7,199, 1969-இல் 20,302 வெளிவந்தன. 302 வேறு எந்த கமாரோவிலும் வரவில்லை. ஆகவே இசட்-28 ஒன்றிலிருந்து அதன் 302 போய்விட்டால், காரின் பாதி உயிர் போன மாதிரிதான். விலையும் அப்படியே இறங்கும்.

சிக்கல் எங்கே என்றால், 302-உம் லட்சக்கணக்கில் ஓடிய சாதாரண 350-உம் வெளியே பார்க்க ஒன்றேதான். ஒரே போர், ஒரே பிளாக் வார்ப்பு, ஒரே ஆரஞ்சு பெயிண்ட். உள்ளே கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), பிஸ்டன், கேம்ஷாஃப்ட் போன்றவைதான் வேறு. 350-இன் ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். எஞ்சினைப் பிரிக்காமல் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் நம்பரை நம்புகிறார், விற்கிறவர் நம்பரைக் காட்டுகிறார்.

"நம்பர்ஸ் மேட்சிங்" என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விளம்பரங்களில் இதற்கு ஒரே பொருள் இருப்பதில்லை. சிலர் வார்ப்பு எண் (பிளாக்கை வார்க்கும்போதே அதில் புடைப்பாக வரும் எண்) அந்த வருஷத்துக்குப் பொருந்துகிறது என்ற அளவில் சொல்கிறார்கள். சிலருக்கு தேதி பொருந்தினால் போதும். இந்த ஆய்வில் ஒரே பொருள்தான்: தொழிற்சாலையில் இந்தக் கார் கட்டப்பட்டபோது இறக்கிய அதே பிளாக். விற்கிறவரிடம் பேசும்போது எந்தப் பொருளில் சொல்கிறார் என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் கார், பிறகுதான் எஞ்சின்

காரின் நம்பரே பொய்யாக இருந்தால் எஞ்சினை அதோடு ஒப்பிட்டு என்ன பயன்? ஆகவே தொடக்கம் டாஷ்போர்டு. 1968 முதல் கமாரோவின் அடையாளத் தகடு டாஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்க ஓரத்தில், முன்கண்ணாடி வழியாகப் படிக்கும்படி இருக்கும். இந்தக் காரில் 124379என்5 என்று தொடங்கி மொத்தம் 13 இடங்கள். முதல் 1 ஷெவர்லே. 24 என்றால் வி-8 எஞ்சின் வைத்த கமாரோ. ஆறு சிலிண்டர் என்றால் 23 வந்திருக்கும். 37 என்றால் கூரை வைத்த கூப்பே. 9 என்றால் 1969 மாடல். 'என்' என்றால் ஒஹாயோ மாநிலத்தின் நார்வுட் ஆலை. கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் கட்டியிருந்தால் 'எல்' வரும். தொடர் எண் 500001-இல் தொடங்கியது. கவனியுங்கள்: இது இசட்-28 என்று இந்த எண் எங்கேயும் சொல்லவில்லை. வி-8 என்பதோடு நின்றுவிடுகிறது.

தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை ஆறு இதழ் பூ மாதிரி இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதே பூ ரிவெட்டை இன்று கடையில் வாங்க முடியும் என்பதால் அதோடு நிறுத்தவில்லை. 1968, 1969 கமாரோக்களில் நம்பரின் சுருக்கம் உடலிலேயே மறைவாக இரண்டு இடங்களில் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உட்காரும் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு), பயணி பக்க ஹீட்டர் புளோயர் பெட்டிக்குப் பின்னால். இன்னொன்று முன்கண்ணாடிக்கு அடியில் காற்றுத் துளைகள் உள்ள கௌல் தகட்டுக்குக் கீழே, அதே பயணி பக்கம். இரண்டாவதைப் பார்ப்பது சுலபம். வைப்பர் கைகளைக் கழற்றி, தகட்டின் ஸ்க்ரூக்களை எடுத்துத் தூக்கினால் போதும். பல வருஷத்துச் சருகும் மண்ணும் அடைந்துகிடக்கும். பிரஷ்ஷால் தள்ளிவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எண் தெரியும். இந்தக் காரில் இரண்டு இடத்திலும் எண் டாஷ்போர்டோடு ஒத்துப்போனது. அதைச் சுற்றி வெட்டியோ வெல்டிங் வைத்தோ ஒட்டிய அடையாளம் இல்லை. கார் அதன் நம்பருக்கு உரிய கார்தான்.

அடுத்து எஞ்சின் அறையில், ஃபயர்வாலில் உள்ள உடல் தகடு. அதில் 10சி. 1968 அக்டோபர் மூன்றாம் வாரம் கட்டியது என்று அர்த்தம்; 1969 மாடலைக் கட்டுவது முந்தைய வருஷமே தொடங்கிவிட்டது. நார்வுட் தகடுகளில் 1968 டிசம்பர் வாக்கில்தான் எக்ஸ் குறியீடு வந்தது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்-28-ஐக் குறிக்கும். அக்டோபர் காரில் அது இருக்க வழியில்லை. இருந்திருந்தால்தான் தகட்டைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்! அந்தக் காலத்து உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த உலோக அட்டையும் இந்தக் காருக்கு இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறிகள் மூன்றும் பதிந்திருக்கும் அட்டை அது. அதுவும் இப்போது புதிதாக அடித்துக் கிடைக்கிறது என்பதால், இருந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

காகிதம் இல்லாதபோது காரின் எலும்பைப் பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து முன்னால் வரும் பெட்ரோல் குழாய் 3/8 அங்குலம். சாதாரண சின்ன எஞ்சின் கமாரோவுக்கு 5/16 போதும். பின் ஆக்சில் 12 போல்ட் மூடி. பின்னால் பல இலைகள் அடுக்கிய பட்டை ஸ்பிரிங். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். நான்கும் இருந்தன. குழாய் அழுக்கும் துருவுமாக முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக இருந்தது நல்ல அறிகுறி. இவை எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. நான்கும் சேர்ந்து "இது இசட்-28 ஆக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று சொல்லவைக்கின்றன. அதற்கு மேல் சொல்லக் கூடாது.

நம்பர் அடித்த மேடை

இனி எஞ்சின். பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) முன்னால், கட்டைவிரலை வைக்கும் அளவுக்கு ஒரு தட்டையான மேடை துருத்திக்கொண்டிருக்கும். எஞ்சின் நம்பர் அடிக்கும் இடம் அதுதான். 1969-இல் ஆல்டர்னேட்டரைப் பயணி பக்கம் மாற்றிவிட்டதால் அது மேடையை மறைக்கும். பிராக்கெட்டைத் தளர்த்தி ஆல்டர்னேட்டரை ஒதுக்கிவைத்த பிறகே படம் எடுக்க வேண்டும். விற்கிறவர் அனுப்பும் படங்களில் மேடை பாதி மட்டும் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்காக உடனே அவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

சுத்தம் செய்வதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். வயர் பிரஷ், உப்புத்தாள், டிரில்லில் மாட்டும் சக்கரம் எதுவும் மேடைமேல் படக் கூடாது. நாம் தேடும் சாட்சி அந்தப் பரப்பில் மயிரிழை ஆழத்தில் இருக்கிறது. ஒருமுறை தேய்த்தால் அசல் எஞ்சின்கூடப் போலி மாதிரி ஆகிவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்குத் தின்னர், பழைய டூத் பிரஷ், பருத்தித் துணி. பெயிண்ட் படிந்திருந்தால் பெயிண்ட் நீக்கும் ஜெல்லைத் தடவி, ஊறவிட்டு, அதே பிரஷ்ஷால் எடுக்கவும். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேடையோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து, இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், முன்னாலிருந்து ஒரு படம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். நேர் மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது.

இந்தக் காரின் மேடையில் இரண்டு வரிசை. ஒன்று வி1004டிஇசட். 'வி' என்றால் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் எஞ்சின் ஆலை, 1004 என்றால் அக்டோபர் 4, டி-இசட் என்றால் 1969 இசட்-28-இன் 302. இன்னொன்று 19என்5 என்று தொடங்கும் ஒன்பது இடச் சுருக்கம்: ஷெவர்லே, 1969, நார்வுட், பிறகு தொடர் எண். டாஷ்போர்டில் இருப்பதும் அதே எண். அக்டோபர் 4-இல் கோத்த எஞ்சின், அக்டோபர் மூன்றாம் வாரம் கட்டிய கார். ரொம்பப் பொருத்தம்.

பலரும் இந்த இடத்தில் காசோலையை நீட்டிவிடுகிறார்கள். எழுத்தும் எண்ணும் அடிக்கும் பஞ்ச் செட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஒத்துப்போகும் நம்பர் நமக்குச் சொல்வது ஒன்றைத்தான்: யாரோ ஒருவருக்கு இந்தக் காரின் நம்பர் தெரிந்திருக்கிறது. அடித்தது 1968-இல் நார்வுட் தொழிலாளியா, பின்னால் வந்த வேறொருவரா என்பதை இரும்பிடம்தான் கேட்க வேண்டும்.

வார்ப்பு எண்ணும் ஒற்றை இலக்க வருஷமும்

பிளாக்கின் பின்விளிம்பில், பெல் ஹவுசிங் (கிளச்சை மூடும் கூடு) வந்து சேரும் இடத்தில், ஓட்டுநர் பக்கம் வார்ப்பு எண் புடைப்பாக இருக்கும். பயணி பக்கம் வார்ப்புத் தேதி. ஃபயர்வாலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடம் குறைவு. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும். கண்ணாடியில் எண் இடம் வலமாக மாறித் தெரியும் என்பதால் போனில் படமெடுத்துத் திருப்பிப் படிப்பது பிசகில்லாத வழி.

1969 மாடல் 302-க்கு மூன்று வார்ப்பு எண்கள் வந்தன. தொடக்கத்தில் 3932386, அதற்குப் பின் 3956618, கடைசியில் 3970010. மூன்றுமே 302-க்குச் சரியான எண்கள்தான். பல பட்டியல்கள் மூன்றையும் ஒரே வரியில் போட்டு நிறுத்திக்கொள்கின்றன. எந்த எண் எப்போது வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த பிளாக்கில் இருந்தது 3970010. வார்ப்புத் தேதி ஐ 12 8. எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஏ ஜனவரி, அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் ஐ செப்டம்பர். 12 நாள். 8 வருஷத்தின் கடைசி இலக்கம். செப்டம்பர் 12-இல் வார்த்து, அக்டோபர் 4-இல் கோத்து, அக்டோபர் மூன்றாம் வாரம் காரில் ஏற்றியதாகக் கணக்கு அழகாக உட்காருகிறது.

ஆனால் 3970010 வார்ப்பு 1968 செப்டம்பரில் கிடையாது. 1969 மாடல் ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில்தான் அது வந்தது. அதற்குப் பிறகு 1970-கள் நெடுக 350 எஞ்சின்களுக்கு அதே வார்ப்பு ஓடியது, கார்களுக்கும் டிரக்குகளுக்கும். ஒற்றை இலக்க 8-க்கு அப்போது ஒரே விடைதான் மிஞ்சுகிறது: 1978. வார்ப்புச் சாலையில் இருந்தவர்களுக்கு வருஷத்தின் கடைசி இலக்கம் போதுமானதாக இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து யாராவது டார்ச் பிடித்துப் படிப்பார்கள் என்று அவர்கள் ஏன் நினைக்கப்போகிறார்கள்? அந்த வசதியைத்தான் போலி செய்தவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். 1978 செப்டம்பர் பிளாக்கைத் தேடிப் பிடித்து, அதன் தேதிக்கு ஏற்றபடி மேடையில் 1004 என்று அடித்திருக்கிறார். விவரம் தெரிந்தவர் வேலை. வார்ப்பு எண் எந்த மாதம் வந்தது என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

இதே பொறி 9-இலும் உண்டு. 1969 இறுதியில் கட்டிய கார் என்றால் 3970010 சரியான எண்தான். அப்போது வார்ப்புத் தேதியின் 9 என்பது 1969-ஆ, 1979-ஆ என்று வார்ப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மேடைப் பரப்பும் உள்ளிருக்கும் பாகங்களும்தான் பதில் சொல்லும். வாங்கப்போகும் கார் 1969-இன் பிற்பகுதியது என்றால் கீழே வரும் படிகளைக் கட்டாயம் விடாதீர்கள்.

புடைப்பு எண்ணையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தேய்த்துவிட்டு எபாக்சி பசையில் எண் செய்து ஒட்டி, மேலே ஆரஞ்சு பெயிண்ட் அடிப்பார்கள். சின்னக் காந்தத்தை ஒவ்வொரு எண்ணின் மேலும் வைத்துப் பார்த்தால் இரும்பில் இறுக்கமாகப் பிடிக்கும், பசையில் பிடி தளரும். இந்த பிளாக்கில் எல்லா எண்ணும் இரும்பு. அந்தப் பொய் இங்கே இல்லை.

மேடையைக் கிட்டத்தில் பார்த்தபோது

வார்ப்பு எண்ணே தீர்ப்பைச் சொல்லிவிட்ட பிறகு மேடையை ஏன் பார்க்க வேண்டும்? போலி செய்தவர் 3932386 பிளாக் ஒன்றைப் பிடித்திருந்தால் முன்படி அவரைப் பிடித்திருக்காது. அந்த எண் 350-களிலும் ஓடியதுதான். ஆகவே மேடையைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

ஃபிளின்ட்டில் பிளாக்கின் மேல்பரப்பை, அதாவது சிலிண்டர் ஹெட் உட்காரும் பரப்பை, ப்ரோச் என்ற பெரிய பல்வரிசைக் கருவி ஒரே இழுப்பில் செதுக்கும். நம்பர் மேடை அந்தப் பரப்பின் நீட்சி. அதனால் எஞ்சினின் முன்னிருந்து பின்னாக, நீளவாக்கில், மெல்லிய இணைகோடுகள் மேடைமேலும் ஓடும். ஓலைப்பாயின் வரி மாதிரி ஒன்றுக்கொன்று விலகாமல் நேராக இருக்கும். மேடையின் விளிம்புகள் கூராக இருக்கும். ஹெட் கேஸ்கெட்டின் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடு) ஓரத்தில் வரும் கோடு அப்படியே தொடர்ந்து மேடையின் முன்முனை வரை போகும். முதலில் கோடு, அதன்மேல் எழுத்து அடித்தது. ஆகவே எழுத்தின் பள்ளத்துக்குள் கோடுகள் விழுந்து முறியும். அடித்த வேகத்தில் இரும்பு பிதுங்கிப் பள்ளத்தின் இரு கரையிலும் சின்னதாக மேடு கட்டியிருக்கும்.

இந்த மேடையில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்தபோது தெரிந்தது இதுதான். கேஸ்கெட்டை ஒட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அதில் மட்டும் உண்மையான ப்ரோச் கோடுகள், நேராக, ஒரே சீராக. அந்தப் பட்டையைத் தாண்டியதும் பரப்பு மெல்லச் சரிந்து இறங்குகிறது. அங்கிருந்து முன்முனை வரை கோடுகள் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, ஆனால் ஒன்று ஆழம், ஒன்று கீறல், இரண்டு கோடுகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. கிரைண்டரோ அரமோ ஹெட்டின் ஓரம் வரை போக முடியாததால் அந்தப் பட்டை தப்பியிருக்கிறது. 1978 எஞ்சின் நம்பரை அதன் ஆழம் வரை தேய்த்து எடுத்துவிட்டு, கட்டையில் சுற்றிய உப்புத்தாளை ஒரே திசையில் இழுத்துக் கோடு போட்டிருக்கிறார்கள்.

எழுத்துகளையும் ஒப்பிட்டோம். ஃபிளின்ட்டில் எஞ்சின் குறியை ஒரு பிடியில் எழுத்துகளைச் சேர்த்துப் பூட்டி ஒரே அடியாக அடிப்பார்கள். அதனால் எழுத்துகளின் அடிப்பகுதி ஒரே கோட்டில் நிற்கும். ஆழம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தாலும் அந்த மாற்றம் படிப்படியாக வரும். காரின் நம்பரை நார்வுட்டில் வேறொரு பிடியால் அடித்தார்கள். இரண்டு ஆலை, இரண்டு கருவி என்பதால் இரண்டு வரிசைக்கும் எழுத்தின் வடிவமும் அளவும் வேறாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு வரிசையிலும் 1 என்ற எண் ஒரே அச்சு, அதன் காலில் இருக்கும் சின்ன உடைசல்கூட ஒன்றே. ஒரே பஞ்ச்சால் இரண்டு வரிசையையும் ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார்கள்.

ஒப்பிட நல்ல மாதிரி காரிலேயே இருந்தது. கியர்பாக்ஸ் மன்சி நான்கு வேகப் பெட்டி. அதன் கூட்டில் அடித்த 19என்5 எண் காரோடு பொருந்துகிறது. அலுமினியப் பரப்பு தொடப்படாமல் இருக்கிறது, எண்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் காரின் நம்பரை அடித்தது நார்வுட்டில்தான். ஆகவே இந்த 5-உம் 9-உம் பிளாக்கில் இருக்கும் 5, 9 போல இருந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸில் 9-இன் வால் வளைந்து முடிகிறது. பிளாக்கில் நேராக இறங்குகிறது. அசல் கியர்பாக்ஸ் பிழைத்திருக்கும் எந்தக் காரிலும் இந்த ஒப்பீட்டை முதலிலேயே செய்துவிடலாம். செலவு ஒன்றும் இல்லை.

ஆயில் ஃபில்டருக்கு மேலே

1969-இல் காரின் நம்பரை எல்லா பிளாக்கிலும் மேடையில் அடிக்கவில்லை. ஓட்டுநர் பக்கம் பின்னால், ஆயில் ஃபில்டர் மாட்டும் இடத்துக்குச் சற்று மேலே, செதுக்காத வார்ப்புப் பரப்பிலும் அடித்தார்கள். மேடையில் எஞ்சின் குறி மட்டும் இருந்து காரின் நம்பர் இல்லை என்றால் பதற வேண்டாம், அங்கே பாருங்கள். சொரசொரப்பான பரப்பில் அடித்ததால் படிப்பது கஷ்டம். சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும்.

இந்த பிளாக்கில் அங்கே எண் இல்லை. இருக்க வேண்டிய மணல் சொரசொரப்பும் இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று கிரைண்டர் பட்ட தடம், மேலே தடிப்பாகப் பெயிண்ட். 1978-இலும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் எஞ்சினில் வண்டி நம்பரின் சுருக்கம் அடிக்கப்பட்டது. அந்த எண்ணைத்தான் அழித்திருக்கிறார்கள் என்று கொள்வதே நியாயம். போலி நம்பரை விடவும் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. அழிக்கப்பட்டது திருட்டு வண்டியின் நம்பராக இருந்தால், வாங்குகிறவர் கையில் எஞ்சின் நிற்காது. அமிலம் ஊற்றி அழிந்த எண்ணை மீட்கும் முறை உண்டு, ஆனால் அது தடயவியல் ஆட்களின் வேலை. வீட்டில் முயன்றால் மிச்சமிருப்பதும் அழியும். இப்படி ஒரு தடம் கண்டால் பணம் கைமாறும் முன் அந்த மாநிலத்தின் வாகன அடையாளச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.

உள்ளே ஒரு பார்வை

கடைசியாக ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி போர்ஸ்கோப் (ஓட்டைக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டோம். ஒரு பிளக் சாக்கெட், ஐந்து நிமிடம். ஸ்ட்ரோக்கை அளக்க அந்த ஓட்டையில் கம்பி விட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. ஷெவர்லே சின்ன வி-8-இல் பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி சிலிண்டரின் நேர்க்கோட்டில் இறங்காது. வரும் அளவு பொய். பிஸ்டன் முகத்தைப் பார்ப்பது அதைவிடத் தெளிவு. 302-க்கு 11:1 அழுத்த விகிதம், பிஸ்டன் தலை குவிந்து மேலெழும்பியிருக்கும். இங்கே தெரிந்தது நடுவில் குழிந்த தட்டுப் பிஸ்டன். சாதாரண 350-இன் குறைந்த அழுத்தப் பிஸ்டன் அது. குவிந்த பிஸ்டன் இருந்திருந்தாலும் 302 என்று முடிவு கட்ட முடியாது, அதைக் கடையில் வாங்கிப் போடலாம். குழிந்த பிஸ்டன் இருந்தால் 302 இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

வால்வு மூடியைக் கழற்றியபோது ஹெட்டில் 3927186 என்ற எண், 1968 செப்டம்பர் வார்ப்பு. 302-க்கு உரிய ஹெட்தான். முன்முனையில் 1969-இல் புதிதாக வந்த போல்ட் துளைகளும் இருக்கின்றன. அலுமினிய மேனிஃபோல்டு (எரிபொருள் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) 3932472, ஹோலி கார்பரேட்டர் பட்டியல் எண் 4053. இரண்டும் சரி. பழைய பிளாக் எப்போதோ வெடித்தோ வெளியே போயோ, மேல்பாதி மட்டும் பிழைத்து 1978 பிளாக்கில் ஏறியிருக்கலாம். அல்லது தனித்தனியாக வாங்கிச் சேர்த்திருக்கலாம். ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் காரின் நம்பர் அடிப்பதில்லை, ஆகவே எது நடந்தது என்று இரும்பிலிருந்து சொல்ல வழியில்லை.

நேர்மையான எஞ்சின்களும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

மேடையில் எண் இல்லாத பிளாக் எல்லாம் போலி இல்லை. எஞ்சினை ரீபோர் செய்யும்போது பட்டறையில் மேல்பரப்பை ஃபேஸிங் அடித்தால் மேடையும் சேர்ந்து செதுக்கப்பட்டு நம்பர் போய்விடும். அந்தக் கருவி சுழன்று செதுக்குவதால் நேர்கோட்டுக்குப் பதில் வில் வில்லாக வளைந்த தடம் இருக்கும். வளைந்த தடமும் வெறும் மேடையுமாக இருந்தால் அது நேர்மையான இழப்பு. வளைந்த தடத்தின் மேல் முழு நம்பரும் தெளிவாக இருந்தால் யாரோ பின்னால் அடித்தது. விவரம் தெரிந்த பட்டறைக்காரர் மேடையைத் தொடாமல் விட்டிருந்தால் மேடைக்கும் மற்றப் பரப்புக்கும் நடுவே ஒரு சின்னப் படி தெரியும், மேடை உயரமாக நிற்கும். போலியில் மேடை தாழ்ந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மறக்காமல் இருந்தால் நல்ல எஞ்சினைப் பழிக்காமல் தப்பலாம். பிரித்த எஞ்சினில் மேல்பரப்பின் உயரத்தையே அளந்துவிடலாம். கிராங்கின் மையத்திலிருந்து மேல்பரப்பு வரை வரைபடக் கணக்கு 9.025 அங்குலம்.

சி-இ என்று தொடங்கும் முத்திரை இன்னொன்று. உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் கெட்டுப்போன கார்களுக்கு ஷெவர்லே கொடுத்த மாற்று பிளாக் அது. காரோடு பிறந்ததில்லை, ஆனால் காரின் வரலாற்றுக்கு உரியது. அதைத் தேய்த்துவிட்டு டி-இசட் என்று அடிப்பவர்கள், இருந்த உண்மையான சரித்திரத்தையும் அழிக்கிறார்கள். பார்க்கவே வேதனையான வேலை.

அறிக்கையில் எழுதியது

உடல் அசல், மறைவு எண்கள் இரண்டும் பொருந்துகின்றன. கியர்பாக்ஸ் காரோடு பிறந்தது. இசட்-28 என்பதற்கு உடலில் உள்ள தடயங்கள் சாதகமாக இருக்கின்றன, ஆவணம் இல்லை. பிளாக் 3970010, 1978 செப்டம்பர் வார்ப்பு, உள்ளே 350-இன் பிஸ்டன். மேடையில் உள்ள இரண்டு வரிசையும் தொழிற்சாலையில் அடித்தவை இல்லை. ஆயில் ஃபில்டருக்கு மேலே முந்தைய எண் அழிக்கப்பட்ட தடம் உள்ளது. ஹெட், மேனிஃபோல்டு, கார்பரேட்டர் காலத்துக்குப் பொருந்துகின்றன. "போலி செய்தார்" என்று விற்பவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. யார் எப்போது அடித்தார்கள் என்று பிளாக் சொல்வதில்லை. அவரும் ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம்.

வாங்க நினைப்பவருக்குச் சொல்வது: அடையாளச் சோதனை முடியும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். அது சுத்தமாக முடிந்தால், அசல் கியர்பாக்ஸ் உள்ள, எஞ்சின் மாறிய இசட்-28 என்ற விலைக்குப் பேசலாம். 1968 செப்டம்பர் தேதியிட்ட 3932386 பிளாக்கைத் தேடி 302 கட்டிக்கொள்வது நல்ல வேலை. அந்த பிளாக்கின் மேடையில் எது இருக்கிறதோ அதை அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றிய 1978 பிளாக்கை விற்கும்போது இந்த ஆய்வின் படங்கள் எல்லாவற்றையும், லென்ஸில் எடுத்த அந்த மூன்று மில்லிமீட்டர் பட்டையின் படத்தையும் சேர்த்து, பிளாக்கோடு கொடுத்தனுப்புங்கள்.